எலுமிச்சை தின்ற பட்டை

வாழை இலையைப் பிரித்த தர்யுனி உள்ளே இருந்ததைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காலையில் அவள் கணவன் சஸ்மடி அந்த இலைக்குள் சுற்றி வைத்தவை, கழுவித் தரச்சொல்லி வந்த ஒரு காரின் உட்புறத்திலிருந்து கழற்றிய மூன்று அலுமினியப் பட்டைகள். ஒன்று டேஷ்போர்டின் குறுக்கே ஓடுவது, மற்ற இரண்டும் கதவடியில் கால் வைத்து ஏறுகிற இடத்தில் இருப்பவை. காலையில் அவற்றின்மேல் வெள்ளைச் சொறி படர்ந்திருந்தது உண்மைதான். ஆனால் சொறிக்கு நடுநடுவே முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பும் இருந்தது. இப்போது சொறியோடு பளபளப்பும் போய்விட்டது. பட்டை முழுக்க மழைமேக நிறத்தில் திட்டுத் திட்டாக மங்கி, அதன்மேல் வாழை இலையின் நரம்புகள் வரிவரியாகப் பதிந்திருந்தன.

"சொறி போயிடுச்சு, பாத்தியா?" என்றான் சஸ்மடி. சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது.

"போயிடுச்சு காங். அம்மைத் தழும்பு போறதுக்கு மூக்கையே சீவி எடுத்த மாதிரி போயிடுச்சு. என்னத்தப் போட்டீங்க?" என்றாள். கணவனைக் 'காங்' என்றுதான் அந்த ஊரில் கூப்பிடுவார்கள்.

"எலுமிச்சம்பழம்தான். வேற என்ன."

"அலுமினியத்துக்கா?"

"இரும்புக்குப் போட்டா வெள்ளையா வருதுல்ல? கிரிஸ்ஸுக்கு வருஷா வருஷம் போடுறேன், நீயும்தான் பாக்குறே."

சஸ்மடியின் அப்பா விட்டுப்போன ஒரே சொத்து, சாண் நீளத்துக்கு ஒரு கிரிஸ் கத்தி. அவர்களுடைய வருடத்தின் முதல் மாதமான சூரோ பிறந்ததும் அதை உறையிலிருந்து எடுத்து, எலுமிச்சைச் சாறு தடவி, இலையில் சுற்றி ஊறவைத்துக் கழுவுவான். அந்த ஒரு நாள் வீட்டில் யாரும் சத்தம் போட்டுப் பேசக்கூடாது. சூரோவுக்கு இன்னும் சில நாள்தான் இருந்தது என்பதால் எலுமிச்சம்பழம் ஒரு கூடை முன்னதாகவே வந்து வீட்டில் இருந்தது. கூடையும் கண்ணில் பட்டது, சொறி பிடித்த பட்டையும் கையில் இருந்தது. வேறு யோசனையே அவனுக்கு வரவில்லை. சாற்றைத் தடவிச் சுற்றி வைத்தான். அதற்குள் துறைமுகத்து ஆட்கள் சாப்பிட வந்துவிட்டார்கள். தங்கள் சோற்றுக்கடையில் சோயாக்கட்டியான டெம்பே வறுப்பதும் தட்டு கழுவுவதுமாக மதியம் போனது. இருவரும் பட்டையை மறந்துபோனார்கள்.

"பற்பசை போட்டுப் பாக்கட்டா?" என்றான்.

"மறுபடி கையை வச்சீங்கன்னா உங்களை இலையில சுத்திடுவேன்."

அவன் போய்த் தேநீர் ஊற்றிக்கொண்டான். தர்யுனி பட்டைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். இன்று திங்கள். வியாழக்கிழமை கல்யாணம். அதைத் தள்ளிப்போடவும் முடியாது. சூரோ பிறந்துவிட்டால் தெகால் ஊர் முழுக்க ஒரு கல்யாணமும் நடக்காது. கல்யாணம் முடிந்த கையோடு மணப்பெண் கணவனுடன் புர்வொகெர்த்தோவுக்குப் போகிறார். அவருடைய இந்தக் காரும் போகிறது.

மணப்பெண்ணுக்கு வயது ஐம்பத்தெட்டு.

இபு விதார்த்தி அந்தத் தெருவின் மருத்துவச்சி; 'இபு' என்றால் அம்மா. தெருவில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளில் பாதிப்பேரைத் தலைகீழாகப் பிடித்து முதல் அடி கொடுத்தவர் அவர்தான். கல்யாணமே வேண்டாம் என்றிருந்தவர், ஓய்வு பெற்ற ரயில் டிக்கெட் பரிசோதகர் கிர்னோவுக்குத் திடீரென்று சம்மதம் சொன்னபோது, தெருப் பெண்கள் ஒரு வாரம் வேறு எதையும் பேசவில்லை. அவருடைய கார் வெள்ளை நிறம். சின்னது, சதுரமானது, இரண்டே கதவு. ஊரில் எல்லோரும் அதைத் 'தாஹு' என்றுதான் சொல்வார்கள். எண்ணெயில் போடுவதற்கு முன்னால், சோயாப்பாலில் செய்யும் தாஹுக்கட்டி அப்படித்தான் இருக்கும்.

தர்யுனி அந்தக் காரில் முதன்முதலாக ஏறியது ஆறு வருடங்களுக்கு முன்னால். கடல் தெருவுக்குள் ஏறியிருந்த ஒரு மதியம் அது. சஸ்மடி அப்போது ஜகார்த்தாவில் யாரோ ஒருவரின் சோற்றுக்கடையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். ஒரு மாதம் முந்திக்கொண்டு வலி வந்தது. உதிரம் நிற்கவில்லை. சைக்கிள் ரிக்‌ஷாக்காரன் தண்ணீரைப் பார்த்து வரமாட்டேன் என்றுவிட்டான். இபு விதார்த்தி அவளைத் தாஹுவின் பின்சீட்டில் படுக்கவைத்து, கடலுக்குள் ஓட்டுவது போல ஓட்டினார். கதவடியில் தண்ணீர் புகுந்து, மிதியடி மிதந்தது. "நான் வண்டியை நிறுத்துற வரைக்கும் அடக்கிக்கோ. எனக்கு ரெண்டு கைதான் இருக்கு, ஹேண்ட்பிரேக்கும் சரியில்ல" என்று முன்னால் பார்த்தபடியே சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் மகள் கினாசி பிறந்தாள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் இரண்டு பேருமே இல்லை என்று அங்கிருந்த டாக்டர் பிறகு சொன்னார்.

அடுத்த முறை தாஹுவில் ஏறியபோது கதவடித் தகட்டில் உப்புப் பூத்தது போல வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. அடுத்தடுத்த வருடங்களில் அவை பெருகின. டேஷ்போர்டுப் பட்டையிலும் ஏறின. இபு ஒரு வார்த்தை சொன்னதில்லை. தர்யுனிக்குத்தான் ஏறும்போதெல்லாம் கால் கூசியது. என்னால் வந்தது என்று நினைத்துக்கொள்வாள். தன் உயிரும் மகளின் உயிரும் இங்கே இருக்க, அவற்றுக்குப் பதிலாக அந்தக் கார் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டு போவதாக அவளுக்குத் தோன்றும்.

நன்றி சொல்ல முயற்சி செய்யாமல் இல்லை. கோழி கொண்டுபோய்க் கொடுத்தாள். சாயங்காலம் அது குழம்பாகி, பாதி அவள் வீட்டுக்கே திரும்பி வந்தது. குழந்தைக்கு விதார்த்தி என்று பெயர் வைக்கப் பார்த்தாள். "எம் பேரை நான் சுமக்கிறதே பெரும்பாடு, பச்சைப்பிள்ளை தலையில ஏத்தாதே" என்று தடுத்துவிட்டார். வாயால் சொல்லலாம் என்று போனால், "இபு, அன்னிக்கு நீங்க..." என்று தொடங்கும்போதே, "பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டாச்சா?" என்பார். எப்படியோ பேச்சு மாறிவிடும்.

அதனால்தான், கல்யாணத்துக்குக் காரைக் கழுவித் தரச்சொல்லிச் சஸ்மடியிடம் சாவி வந்தபோது, பட்டைகளையும் கழற்றிப் புதுசு போல ஆக்கித் திரும்ப மாட்டிவிடலாம் என்று அவள் சொன்னாள். கல்யாணத்தன்று இபு காரில் ஏறும்போது காலடியில் பளிச்சென்று இருக்கவேண்டும். அதை அவரால் குழம்பு வைத்துத் திருப்பி அனுப்ப முடியாது.

"ஸ்டிக்கர் விக்கிறான், வெள்ளி மாதிரியே," என்றான் சஸ்மடி கதவோரம் நின்று. "மேல ஒட்டிட்டா யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல காங்."

அவன் தேநீரை வைத்துவிட்டு, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய் உப்புத்தாளும் ஒரு சின்ன டப்பா வார்னிஷும் வாங்கி வந்தான். கேட்காமலே வாங்கி வந்தான். தர்யுனிக்கு அவன்மேல் இருந்த கோபம் அங்கேயே பாதி தீர்ந்தது. ஆனால் தேய்ப்பதற்கு முன்னால் இபுவிடம் சொல்லியாகவேண்டும் என்று தோன்றியது. சொல்லாமல் மூடி மறைத்துக் கொடுப்பது நன்றியில் சேராது.

சொல்வதில்தான் சிக்கல். இபு உள்ளே அடைபட்டிருந்தார். கல்யாணப் பெண் கல்யாணம் வரை வீட்டைவிட்டு வெளியே வரக்கூடாது, வேலை செய்யக்கூடாது, மணமகனைப் பார்க்கக்கூடாது. தெருவே 'யூ', அதாவது அக்கா, என்று கூப்பிடும் இபுவின் அக்கா கார்சி இந்த வழக்கத்தைப் பிடித்த பிடியில் நின்றாள். இருபது வயதுப் பெண்ணுக்குச் செய்வதை ஐம்பத்தெட்டு வயதுத் தங்கைக்கும் ஒன்றுவிடாமல் செய்தாள். வாசலில் பாய் போட்டு உட்கார்ந்து வெற்றிலை மென்றபடி காவல் காத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை தர்யுனி அடுக்குப் பாத்திரத்தில் சாப்பாடும், அக்குளில் சுருட்டிய பாயுமாகப் போய் நின்றாள்.

"பாய் எதுக்கு?" என்றாள் யூ கார்சி.

"மஞ்சள் அரைப்பு தேய்ச்சுவிடப் போறேன் யூ. தரையில சிந்தக் கூடாதுல்ல."

"நல்லாத் தேய். குதிகாலைப் பாத்தியா? தண்டவாளம் மாதிரி இருக்கு. மாப்பிள்ளைக்குத் தண்டவாளம் பழக்கம்தான்னாலும்..."

தர்யுனி சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள்.

இபு விதார்த்தி கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கழுத்துவரை மஞ்சள், முகத்தில் அரிசிமாவு காய்ந்திருந்தது. ஜன்னல்கூடச் சாத்தியிருந்தது.

"யாருக்காவது பிரசவ வலின்னு சொல்லு," என்றார். "பொய்யா இருந்தாலும் பரவாயில்ல. எந்திரிச்சு வந்துடுறேன்."

தர்யுனி பாயை விரித்தாள். உள்ளே சுருட்டி வைத்திருந்த மூன்று பட்டைகளும் பாயில் கிடந்தன. சாத்திய ஜன்னலின் இடுக்கு வெளிச்சத்தில் இலை நரம்புகள் இன்னும் தெளிவாகத் தெரிந்தன.

"என்னடி இது, பாம்புச் சட்டை மாதிரி?"

"உங்க தாஹுவோட பட்டை இபு."

இபு ஒரு பட்டையை எடுத்துத் திருப்பினார். வெளியே யூ கார்சி யாரையோ திட்டுவது கேட்டது.

"அழகு பண்ணி வைக்கலாம்னு கழட்டினோம். உங்ககிட்டக் கேக்கல. காங் எலுமிச்சை போட்டு இலையில சுத்திட்டாரு. கிரிஸ் கழுவுற மாதிரி."

இபுவின் வாயோரத்தில் காய்ந்த மாவு விரிசல் விட்டது. அது சிரிப்பா கோபமா என்று தர்யுனிக்குத் தெரியவில்லை.

"சாம்பிராணி போட்டானா?"

"இல்ல இபு."

"அதுதான் பலிக்கல."

தர்யுனிக்கு அழுகை வந்தது. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன் என்று நினைத்தாள்; சிரிப்பையும் அடக்கிக்கொண்டு அந்த அம்மாள் பேசியதுதான் தாங்கவில்லை. ஆறு வருடமாக நெஞ்சில் கிடந்ததெல்லாம் ஒழுங்கில்லாமல் வெளியே வந்தது. "அந்தச் சொறியே என்னாலதான இபு? எனக்காகத்தான கடல் தண்ணிக்குள்ள ஓட்டுனீங்க? கினாசி பொறந்த அன்னிக்கு உள்ள வந்த உப்புத்தான் அது. ஏறும்போதெல்லாம் பாப்பேன். போறதுக்குள்ள அதையாவது சரிபண்ணிக் குடுக்கலாம்னு பாத்தா, இப்படி..."

இபு அவளை ஒரு மாதிரி பார்த்தார்.

"அந்தச் சொறி உன்னோடதுன்னு யார் சொன்னா?"

"அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு."

"அடிப் பைத்தியம். மீன் ஏலக்கடை துமினாவைக் கூட்டிட்டுப் போனது எதுல? தண்ணியிலதான். உப்பளத்துப் பொண்ணுக்கு ரெட்டைப் பிள்ளை பொறந்தப்ப, சீட்டு வரைக்கும் தண்ணி. முடிவெட்டுறவன் பொண்டாட்டியை மூணு தடவை கொண்டுபோனேன். ரெண்டு தடவை பொய் வலி. மூணு தடவையும் கடல் ஏறியிருந்துச்சு. சொறியில பாதி அவளாலதான்." மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: "மீதி, மிதியடியைத் தூக்கிக் காயவைக்க எனக்கிருந்த சோம்பல்."

தர்யுனி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். முதலில் அவளுக்கு ஏதோ பறிபோனது போல இருந்தது. இத்தனை நாள் தனக்கென்று பத்திரமாக வைத்திருந்த ஒன்று, ஊரில் பாதிப்பேருக்கும் சொந்தமாம். பிறகு மெல்ல, அந்தப் பின்சீட்டில் தனக்கு முன்னாலும் பின்னாலும் தண்ணீரில் காலை வைத்தபடி வலியோடு உட்கார்ந்திருந்த பெண்களையெல்லாம் நினைத்துப் பார்த்தாள். துமினா சந்தையில் சண்டைக்காரி. முடிவெட்டுபவனின் மனைவியோடு இவள் பேசியே இரண்டு வருடமாகிறது. எல்லோரும் அந்தத் தகட்டில் கால் வைத்துத்தான் ஏறியிருக்கிறார்கள். நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. நன்றி மட்டும் குறையவில்லை. பயமும் குற்ற உணர்வும் கழன்று விழுந்த பிறகு அது இன்னும் பெரிதாக, லேசாக இருந்தது.

"சரி, உப்புத்தாள் எங்க?" என்றார் இபு.

அடுக்குப் பாத்திரத்தின் அடியில் மடித்து வைத்திருந்தாள். எடுத்தாள். "நானே தேய்க்கிறேன் இபு. பொண்ணு வேலை செய்யக் கூடாது."

"மஞ்சள் தடவி மாவு பூசி, எண்ணெய்ச் சட்டிக்குக் காத்திருக்கிற டெம்பே மாதிரி உக்காந்திருக்கேன். பேசாம குடு."

இருவரும் பாயில் எதிரெதிரே உட்கார்ந்து, முகம் கழுவும் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைத்துக்கொண்டு தேய்த்தார்கள். முதலில் சோற்றுப் பானையைத் துலக்குவது போல வட்டம் வட்டமாகத் தேய்த்ததில் பட்டை இன்னும் அலங்கோலமானது. பிறகு தர்யுனி பட்டையின் நீளவாக்கில், ஒரே திசையில் இழுத்துப் பார்த்தாள். குறுக்கே ஓடிய இலை வரிகள் மங்கத் தொடங்கின. இபுவும் அப்படியே செய்தார். ஆளுக்கு ஒரு முனையிலிருந்து தேய்த்துக்கொண்டே வந்து நடுவில் முட்டிக்கொண்டார்கள்.

"மாப்பிள்ளை எப்படி இபு?" என்றாள் தர்யுனி, தலை நிமிராமல்.

"காது கேக்காது பாதி. நான் பேசுறது பாதிதான் கேக்கும். அதனாலதான் ஒத்துக்கிட்டாரு போல."

இருவரும் சிரித்த சத்தத்தில் வெளியே வெற்றிலை மெல்லும் சத்தம் நின்றது.

"உள்ள என்ன, கரகரன்னு?" என்றாள் யூ கார்சி கதவுக்கு அந்தப் பக்கமிருந்து.

"குதிகால் யூ!" என்றாள் தர்யுனி.

"யாரோட குதிகால், எருமையோடதா?"

கதவு திறந்தது. யூ கார்சி நின்ற இடத்திலேயே நின்றாள். மஞ்சள் பூசிய தங்கை, முழங்கை வரைக்கும் சாம்பல் நிறக் குழம்போடு, காருடைய உறுப்பு ஒன்றை மடியில் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"கல்யாணப் பொண்ணுடி நீ," என்றாள். "பட்டறைக்காரன் இல்ல. கையைப் பாரு. மாப்பிள்ளை கையைப் பிடிச்சா, ரயில் இன்ஜினைப் பிடிச்ச மாதிரி இருக்கும்."

"அவருக்கு ரயில் பிடிக்கும் யூ."

யூ கார்சி உள்ளே வந்து தங்கையின் கையிலிருந்து உப்புத்தாளைப் பிடுங்கினாள். அதைத் தூக்கி எறிவாள் என்று தர்யுனி நினைத்தாள். அவளோ பட்டையை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"ஓரத்தை விட்டுட்டீங்களே. வேலைன்னா ஒழுங்கா செய்யணும். நீ போய்க் கையைக் கழுவு, முதல்ல."

அப்படிச் சொல்லிவிட்டுப் பாயில் உட்கார்ந்து, திட்டிக்கொண்டே மீதியைத் தேய்த்து முடித்தவள் அவள்தான்.

புதன்கிழமை சஸ்மடி மாடியில் நூல் கட்டிப் பட்டைகளைத் தொங்கவிட்டு வார்னிஷ் பூசினான். பூசி முடித்துவிட்டு, தூசி விழாமல் பார்த்துக்கொள்ள வெயிலில் குடையோடு பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். எலுமிச்சங்கூடையைத் தர்யுனி அன்று முழுக்கத் தன் காலடியிலேயே வைத்துக்கொண்டு வேலை செய்தாள். சாயங்காலம் இருவருமாகப் பட்டைகளை மாட்டினார்கள். கதவடித் தகடு ஒன்றில் பழைய திருகாணி அரித்துப்போய்ப் பிடிக்காததால் புதிது போட்டான். பழைய கண்ணாடிப் பளபளப்பு வரவில்லை. நன்றாகத் துலக்கிய பானையின் உட்புறம் போல, மெல்லிய கோடுகளோடு, அமைதியான ஒரு வெண்மை. அதில் முகம் தெரியவில்லை. வெளிச்சம் மட்டும் தங்கியது.

வியாழக்கிழமை காலை தெரு முழுக்கத் தாஹுவைச் சுற்றி நின்றது. மல்லிகைச் சரம் தலையிலிருந்து மார்புவரை தொங்க, இபு விதார்த்தி குனிய முடியாமல் நிமிர்ந்தே நடந்து வந்தார். காரில் ஏறும்போது மட்டும் ஒரு கணம் நின்று, கதவடித் தகட்டைக் கால்விரலால் தொட்டுப் பார்த்தார். "தர்யுனி பின்னால ஏறு. இந்தத் துணியெல்லாம் யார் பிடிக்கிறது?" என்றார்.

சஸ்மடி ஓட்டினான். மணப்பெண் முன்னால், பின்சீட்டில் சேலைத் தலைப்பு போன்ற அந்த நீளத் துணியை மடியில் சுருட்டிப் பிடித்தபடி தர்யுனி. தெரு காய்ந்திருந்தது. ரயில்வே கேட் அவர்கள் போய்ச் சேர்ந்த நேரத்தில் மூடியது. சஸ்மடி இன்ஜினை நிறுத்தினான்.

தலையலங்காரத்தின் கனத்தில் இபுவால் திரும்ப முடியவில்லை. எழுந்து போகவும் இடமில்லை. தர்யுனி முன்னால் சற்றுக் குனிந்தாள்.

"இபு, என்னையும் கினாசியையும் காப்பாத்துனீங்க. நன்றி."

இபு வாயைத் திறந்தார். கண்ணாடியில் தர்யுனியின் கண்ணைத் தேடிப் பிடித்தார். பிறகு வாயை மூடிக்கொண்டு, மஞ்சள் மணக்கும் கையால் டேஷ்போர்டுப் பட்டையை இந்த முனையிலிருந்து அந்த முனைவரை மெதுவாகத் தடவினார். ரயில் வந்தது. பெட்டி பெட்டியாகக் கடந்து போனது. சத்தம் அடங்கும்வரை இருவரும் கண்ணாடியில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"சரி," என்றார் இபு விதார்த்தி. "வாங்கிக்கிட்டேன்."

கேட் உயர்ந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். சஸ்மடி முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"நீ ஏண்டா அழுறே? வண்டியை எடு," என்றார். "அந்த மனுஷன் காத்திருந்து பாத்துட்டு, ரயில் ஏறிடப் போறாரு."